வைர முனையில் ஒட்டிய அலுமினியம்

உங்களில் பாதிப் பேரின் வீட்டுச் சட்டிகளில் என் எழுத்து இருந்தது. மறந்திருக்க மாட்டீர்கள். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த அந்த நாலைந்து மாதமும் தோட்டவெளியில் என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு இரண்டும். பழைய மாணவர் மலருக்குச் சின்ன வயதுக் கதை ஒன்று எழுது, கொஞ்சம் சிரிப்பாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். சட்டிகளில் இருந்து தொடங்குகிறேன், அது சிரிப்புத்தான்.

போர் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். வந்த குடும்பங்களுக்கும், அவர்களுக்கு வளவில் இடம் கொடுத்த வீடுகளுக்கும் என்று ஒரு லொறி நிறைய அலுமினியச் சட்டி வந்து இறங்கியது. ஒரே அளவு, ஒரே மூடி, ஒரே கைபிடி. அடுத்த கிழமையே கிணற்றடியில் சண்டை தொடங்கிவிட்டது. ஒருத்தி அடையாளத்துக்கு மூடியில் சிவப்பு நூல் கட்டினாள். மறுநாள் எல்லா மூடியிலும் சிவப்பு நூல். நகப்பூச்சால் பொட்டு வைத்தவர்கள் இருந்தார்கள், ஆணியால் கீறி ஓட்டை போட்டவர்களும் இருந்தார்கள். செத்த வீட்டுக்கோ மாதா கோயில் திருநாளுக்கோ சட்டியை இரவல் கொடுத்தவர்கள், திரும்பும்போது வேறு யாரோ அடிப்பிடிக்க வைத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு, தங்களுடையதை எவள் கொண்டுபோனாள் என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சாள் வந்தாள். அப்பாவின் தங்கையான என் மாமி, மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் தமிழ்நாட்டுக்குப் போனவர். மாமா அங்கே முகாமிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இருபது வருடம் கழித்துத் தாயும் மகளும் மட்டும் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய காணி இலுப்பைக்கடவையில் இருந்தது. மிதிவெடி எடுத்து முடியவில்லை, உள்ளே போக விடவில்லை. ஆகவே எங்கள் வளவில், முருங்கைக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டில். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் எங்கள் கிணறு. எங்கள் விறாந்தையிலிருந்து ஒரு வயர் போய் அவர்களுக்கு ஒரு பல்ப் எரிந்தது.

மச்சாளின் பேச்சு முகாமில் வளர்ந்த பேச்சு. பேணியை டம்ளர் என்பாள். 'ஓம்' அவள் வாயில் வராது. அவள் 'ஆமா' என்றால் நாம் வேலிக்கு வெளியே நின்று 'ஆமா, ஆமா' என்று மழைத் தவளை மாதிரிக் கத்துவோம். அவள் வெளியே வந்து, "நல்லாக் கத்துறீங்கடா, பாட்டு வாத்தியார் யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாளும் கோபித்ததில்லை.

அவளுடைய பயணப் பையில் ஒரு மெசின் இருந்தது. தடித்த பேனா அளவுதான். வாலில் வயர். இராமேஸ்வரத்தில் ஒரு சிப்பிக் கடையில் பதினைந்து வயதிலிருந்து வேலை செய்தவள். யாத்திரை வருகிறவர்களின் பெயரைச் சிப்பியிலும் சங்கிலும் வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. கடைக்காரர் புது மெசின் வாங்கியபோது பழையதை இவளுக்குக் கொடுத்துவிட்டார். மெசினோடு ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய றப்பர் செருப்பின் குதித் துண்டு ஒன்று, அந்த றப்பரில் பதினொரு முனைகள், பச்சை குத்தும் ஊசிகளைப் போல வரிசையாகக் குத்தி நிறுத்தியபடி. கடைப்பேச்சில் அவள் 'பிட்' என்பாள். ஒவ்வொன்றும் ஈர்க்கில் தடிப்பு. நுனியில் மட்டும் உருண்டை, கூம்பு, அரிசி, கடுகு என்று விதவிதமான தலைகள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று எதற்கு, ஒன்று போதாதா என்பதுதான் என் முதல் கேள்வி. மச்சாள் ஒரு சிரட்டையை எடுத்தாள். பல்லுள்ள உருக்கு முனையை மெசினின் கழுத்தில் திருகிப் பொருத்தி, சிரட்டையின் முதுகில் ஒரு மீன் வரைந்தாள். கருகிய தேங்காயெண்ணெய் மணம் எழும்பியது. மாப்போலக் கபிலத் தூள் பறந்தது. பிறகு அதே முனையை ஒரு உடைந்த சங்குத் துண்டில் வைத்தாள். கீச்சென்று ஒரு சத்தம், சங்கில் ஒரு கோடும் இல்லை. முனையைக் கழற்றி என் விரலில் தேய்க்கச் சொன்னாள். ஒரு பக்கத்துப் பல் மழுங்கிப்போயிருந்தது.

"பாத்தியா? சிரட்டைக்கு ராசா, சங்குக்குக் கூலி."

அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, கடலும் இல்லை. ஒரு அப்பியாசக் கொப்பியில் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் முனை. கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டிலுக்குக் கொண்டு ஓடினேன். நீங்களும்தான் கொண்டுவந்தீர்கள். பனஞ்சிலாகை, நண்டு ஓடு, அப்பாவின் சைக்கிள் மணி, சுறாப்பல், புளியங்கொட்டை, உடைந்த கண்ணாடிப் போத்தல், ஒருவன் தன் வீட்டுக் கழுதையின் கழற்றிய மணி. பனங்கட்டைக்கு உருக்கு முனை போதும், ஆனால் நாரின் போக்கிலே இழுக்க வேண்டும்; குறுக்கே இழுத்தால் கூம்பு முனை துள்ளி ஓடும். பித்தளைக்கும் எவர்சில்வர்ப் பேணிக்கும் உருக்கு தோற்றுவிடும். அங்கே சாம்பல் நிறத்தில், கையில் வைத்தால் அளவுக்கு மிஞ்சிப் பாரமாக இருக்கும் கார்பைட் முனை வேண்டும். அது சில்வரில் பாடும், பித்தளையில் முனகும். கண்ணாடியில் வைத்தால் செதில் செதிலாகக் கொத்திவிடும்.

கண்ணாடிக்கும் சங்குக்கும் வைர முனை. அதற்குப் பல்லே கிடையாது. வைரத்தூளை ஒட்டிய சொரசொரப்பான தலை. பெட்டியில் மூன்று இருந்தன: தடித்தது, நடுத்தரம், கடுகளவு. வைர முனையோடு வேலை செய்யும்போது தண்ணீர் சொட்டச் சொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கண்ணாடி வெடிக்கும், சங்குத் தூள் நெஞ்சுக்குள் போகும். மச்சாள் மூக்கில் சீலைத் துண்டு கட்டிக்கொள்வாள். நான் பேணியால் தண்ணீர் விடுவேன். ஈரச் சங்கிலிருந்து நகத்தைச் சுட்ட நாற்றம் வரும். வெள்ளைக் கஞ்சி போல ஒழுகும். கையால் துடைத்தால் அடியில் ஒரு எழுத்து, தலைமயிர் அளவுக் கோட்டில், அப்போதுதான் பிறந்த மாதிரி இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கொட்டிலைச் சுற்றி ஓடினேன் என்று மாமி பிறகு எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

ஒருவன் துவக்குக் கோது, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு, கொண்டுவந்தான். நல்ல பித்தளை, மினுக்கம் குறையவில்லை. இதில் வெட்டினால் எப்படி இருக்கும் என்று நான் துள்ளினேன். மச்சாள் மெசினை நிறுத்திவிட்டாள். "இதைத் தொட மாட்டேன். எடுத்த இடத்துலயே போட்டுட்டு வா" என்றாள். அன்றைக்கு மெசினை மறுபடி எடுக்கவில்லை. எங்களுக்கு அது விளையாட்டுச் சாமான்.

சட்டிகளுக்கு வருகிறேன். மச்சாள் கொட்டில் சட்டியில் தன் தாயின் பெயரைக் கார்பைட் முனையால் வெட்டினாள். அலுமினியம் மெத்தென்ற உலோகம். முனையின் பல்லுக்குள் பஞ்சு போலச் சுற்றிக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் முனையை மண்ணெண்ணெயில் தோய்த்தாள். மாமி அந்தச் சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். அடுத்த நாள் காலையில் எங்கள் படலையில் வரிசை நின்றது. மீன் கொண்டுவந்தார்கள், ஒடியல் கொண்டுவந்தார்கள், ஒருவர் உயிரோடு ஒரு சேவல். சங்கு வேலை மச்சாளுக்கு, சட்டி வேலை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். வகுப்பில் என் எழுத்துத்தான் வடிவான எழுத்து. அதைப் பித்தளையிலும் அலுமினியத்திலும் ஊரே பார்க்கப் போகிறது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

மச்சாளுக்கு அது விளையாட்டு இல்லை. மாமியின் கைப்பைக்குள் வெளிநாட்டு வீட்டு வேலைக்கான படிவம் ஒன்று மடித்து வைத்திருந்தது. அதைப் பற்றிக் கொட்டிலுக்குள் பேச்சு வந்தால் மச்சாள் எழும்பிப் போய்விடுவாள். அப்பா கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்தவர். கொழும்பில் கைப்பணிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா கந்தோருக்கு வரப்போகிறார், சங்கிலும் கண்ணாடியிலும் பெயர் வெட்டத் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாதான் மச்சாளின் பெயரைச் சொல்லியிருந்தார். வேலை பிடித்தால் மன்னாரில் இருந்தபடியே மாதா மாதம் வேலை. பிடிக்காவிட்டால் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவது. அண்ணனும் தங்கையும் அப்படிப் பேசி முடித்திருந்தார்கள்.

சிலாவத்துறைக்குத் திரும்பி வந்து மறுபடி சங்கு குளிக்கத் தொடங்கியிருந்த ஒரு முஸ்லிம் நானா, அந்த நாளுக்கென்றே ஒரு சங்கு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு புழுத்துளைகூட இல்லாத வெள்ளை. "பிள்ளை, இதில பிழை விடாதைங்கோ, இப்பிடி ஒண்டு இனி எப்ப ஏறுமோ தெரியாது" என்றார். மச்சாள் அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள்.

கோயில் திருநாளுக்கு முதல் நாள். திருநாளுக்கு அடுத்த நாள்தான் கந்தோரில் அந்த அம்மாவைப் பார்க்கும் நாள். மச்சாளும் மாமியும் படம் எடுக்க மன்னார் ரவுனுக்குப் போயிருந்தார்கள். வேலை எதுவானாலும் படம் வேண்டியிருந்தது. கோயில் சமையலுக்குச் சட்டி கொடுப்பதற்கு முன் பெயர் வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் சட்டியும் கையுமாக வந்து நின்றீர்கள். முப்பதுக்கு மேல் இருக்கும். நான் கார்பைட் முனையைப் பூட்டினேன். உங்களில் ஒருவன், யார் என்று எழுத மாட்டேன், தன் சட்டியில் பெயரோடு பாய் விரித்த வள்ளமும் வேண்டும் என்றான். கார்பைட் கோடு தடிப்பு, வள்ளத்தின் கயிறெல்லாம் வராது என்றேன்.

"மச்சாள் இல்லாட்டி உனக்குக் கை வராதோ?" என்றான் அவன். எல்லாரும் சிரித்தீர்கள்.

அந்தத் தவணைதான் விஞ்ஞான வாத்தியார் உலகத்திலேயே கடினமான பொருள் வைரம் என்று கரும்பலகையில் எழுதியிருந்தார். கண்ணாடியை வெட்டுவது, கல்லை வெட்டுவது, மெத்தென்ற சட்டியை வெட்டாதா? பெட்டியைத் திறந்து கடுகளவு வைர முனையை எடுத்தேன். என் கொப்பியில் அலுமினியத்துக்கு நேரே வைரம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைப் பார்க்கவும் இல்லை.

முதல் சட்டியில் அது தண்ணீரில் ஓடுவது போல ஓடியது. பாய், கயிறு, முன் அணியத்தில் ஒரு சிலுவை, எல்லாம் மயிரிழைக் கோட்டில், வெயிலில் வெள்ளி போல. நீங்கள் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாருக்கும் வள்ளம் வேண்டுமென்றாயிற்று. ஐந்தாவது சட்டியில் முனை சோரத் தொடங்கியது. அழுத்தினேன். எட்டாவதில் கோடு விழவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. நடுத்தர முனையை மாற்றினேன். அதுவும் ஆறேழு சட்டி ஓடிவிட்டு வழுக்கியது. மிச்சச் சட்டிகளைக் கார்பைட்டால் முடித்தேன். முனைகளைச் சட்டையில் துடைத்துப் பார்த்தேன். இரண்டும் புது வெள்ளி போல மினுங்கின. நன்றாகத் துலங்கிவிட்டன என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு பெருவிரலில் தேய்த்தேன். சொரசொரப்பு இல்லை. ஒரு குண்டூசித் தலை போல வழுவழுவென்று இருந்தது.

நான் அறியாமல் செய்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். வெட்டியது அறியாமல். பெருவிரலில் தேய்த்தபின் அந்தச் செருப்புத் துண்டில் அதே துளைகளில் அவற்றைக் குத்தி வைத்தது அறிந்து. நாளைக்குத் திருநாள், திருநாள் முடியச் சொல்லலாம் என்று வைத்தேன். திருநாளன்று வெடி, சுருவம் சுற்றி வருதல், கோயில் முற்றத்தில் சோறு. சமையல்காரப் பெண்கள் என் வள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தார்கள். பங்குச் சுவாமி ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்டார். என் பக்கம் பத்துக் கைகள் நீண்டன. எப்படிச் சொல்வேன்?

கந்தோரில் ஒரு மேசையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கொழும்பு அம்மா கதிரையில் இருந்தார். அப்பாவின் சக உத்தியோகத்தர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீங்களும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். மச்சாள் முதலில் கண்ணாடிக் கோப்பை எடுத்தாள். தடித்த வைர முனை. நான் அதைத் தொட்டிருக்கவில்லை. ஒரு கொடியும் பூவும் சொட்டுத் தண்ணீருக்குக் கீழே வளர்ந்தன. கொழும்பு அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு நானாவின் சங்கு. தன் பெயரை அதில் எழுதச் சொன்னார்.

மச்சாள் கடுகு முனையை எடுத்தாள். பூட்டுவதற்கு முன் பெருவிரலை அதில் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. பிறகு நடுத்தர முனையையும் தொட்டுப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நான் தண்ணீர்ப் பேணியோடு நின்றேன். அவள் பார்க்கவில்லை. கடுகு முனையைப் பூட்டினாள். சங்கில் அது வழுக்கியது. நடுத்தரம் பூட்டினாள், வழுக்கியது. யாரோ சிரித்தார்கள். இராமேஸ்வரத்தில் சங்கு வேறு சாதியோ என்று ஒரு உத்தியோகத்தர் கேட்க, மதிலில் இருந்த நீங்களும் சிரித்தீர்கள். கடைசியாக, வேறு வழியில்லாமல், கார்பைட் முனையைப் பூட்டி மிக மெதுவாக இழுத்தாள். இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவதில் சங்கின் உதடு ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குச் சிதறிப் பறந்தது.

கொழும்பு அம்மா அன்பாகத்தான் பேசினார். இன்னும் பழக வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அப்பாவுக்குக் கந்தோரில் முகம் இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக மாமியிடம் சொன்னார்:

"உன்ர மோளுக்குக் கையில வேலை இல்லை. வாய்தான் வேலை. இந்தியாப் புளுகு."

இந்தியாப் புளுகு. எங்கள் வேலியடியில் நின்று கேட்ட நாம் அதைப் பெயராகவே வைத்துவிட்டோம். மூன்று கிழமையில் படிவம் போய், மச்சாளும் போனாள். பதினான்கு வருடம் மூன்று நாடுகளில் யாருடையவோ வீடுகளைக் கூட்டினாள். மெசின் மாமியிடம் கிடந்து, யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

உயர்தர வகுப்பில் இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு நாள் அலுமினியத் துண்டு ஒன்றைக் காஸ்ரிக் சோடாக் கரைசலில் போடச் சொன்னார்கள். பொங்கி, நுரைத்து, ஒன்றுமில்லாமல் போனது. வாத்தியார் சமன்பாட்டை எழுதினார். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டே மச்சாளின் முனைகளை நினைத்தேன். வைரத்துக்கு அந்தக் கரைசலில் ஒன்றும் ஆகாது. முனைகள் கெட்டிருக்கவில்லை, வைரத்தூளின் மேல் அலுமினியம் பூசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெண்கள் சவர்க்காரம் காய்ச்சப் பழகிய கட்டடத்தில், எங்கள் வீட்டிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில், காஸ்ரிக் சோடா மூட்டையாக இருந்தது. திருநாளன்று நான் வாய் திறந்திருந்தால், யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், ஓய்வு பெற்றேன்.

போன தை மாதம் இலுப்பைக்கடவைக்குப் போனேன். மச்சாள் பழைய காணியில் வீடு கட்டி, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"எப்ப தெரியும்?"

"கந்தோரிலயே. வெள்ளையா மினுங்கினது. வைரம் அப்பிடி மினுங்காது. சட்டிதான் மினுங்கும்."

"அப்ப ஏன் மச்சாள் சொல்லேல்ல?"

"ஆரிட்டச் சொல்லுறது? கொட்டில் உங்கட வளவில. தண்ணி உங்கட கிணத்தில. மாமான்ர மகன்தான் கெடுத்தவன் எண்டு நான் அந்தச் சபையில சொன்னா, அண்டைக்குப் பின்னேரம் அம்மாவை நான் எங்க கூட்டிக்கொண்டு போறது?"

அவளுக்குத் தெரியாது என்று பல காலம் நம்பியிருந்தேன். தெரிந்தும் மன்னித்திருப்பாள் என்றும் சில வேளை என்னை ஆற்றிக்கொண்டதுண்டு. இரண்டும் பிழை. அவள் மன்னிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எங்கள் வளவில் குடியிருந்தாள்.

"என்னட்டச் சொல்லி என்ன?" என்றாள் பிறகு. "அம்மா இண்டைக்கும் நான் புளுகினனான் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. உள்ள இருக்கிறா, போய்ச் சொல்லு."

மாமிக்குத் தொண்ணூறு வயது. கண் பரவாயில்லை, காது மந்தம். மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்து வந்ததைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. விறாந்தையில் பேரப்பிள்ளைகள் வந்து நின்றார்கள். பக்கத்து வளவில் உரல் சத்தம் நின்றது. முனை, சட்டி, அலுமினியம் என்று நான் கத்தக் கத்த மாமி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் கெடுத்தது?" என்று கேட்டார்.

"நான், மாமி."

"கேக்கேல்ல."

"நான்தான் மாமி. நான் கெடுத்துப்போட்டுச் சொல்லாமல் இருந்தனான்."

மாமி மகளைக் கூப்பிட்டார். மச்சாள் நெற்தூசிக் காலோடு வந்து கட்டிலில் இருந்தாள்.

"அண்டைக்குப் பின்னேரம் கொட்டிலுக்குள்ள வச்சு உன்னை அடிச்சனான், என்ன?"

"ஓம், அம்மா."

"தும்புத்தடியால."

"ஓம்."

எனக்கு இது தெரியாது. முருங்கைக்கு இந்தப் பக்கம், இருபதடி தூரத்தில் நான் இருந்திருப்பேன். மாமி மகளின் கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கந்தோரில சிரிச்ச ஆக்களில ஆரும் இருக்கினமோ?"

பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று கத்தினேன்.

"மதிலில நிண்ட பொடியள்?"

இருக்கிறார்கள் என்றேன்.

"அவங்களுக்கும் இப்பிடியே சொல்லு."

நாம் ஒன்பது பேர் மிச்சம். ஒருவர் கனடாவில், இருவர் கொழும்பில், ஒருவருக்கு நினைவு தடுமாறுகிறது. என் குரல் அத்தனை தூரம் போகாது. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன். அன்று மச்சாளின் கையில் பிழை இல்லை. முனைகளைக் கெடுத்தவன் நான். அந்தப் பெயரை உங்கள் வீடுகளில் இன்னும் யாராவது சொன்னால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.